பாதியில் விட்ட வேலைகள் நடமாடிய வீதி

எங்கள் வீதியில் முதன்முதலாக எழுந்து நடந்த வேலை ஒரு குடம். நாலு நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரைப் பிடிக்க வந்த கனிஷ்கா, குடம் பாதி நிறைந்திருக்கும்போது எதிர்ச்சுவரில் ஓர் ஓணான் தலையாட்டுவதைப் பார்த்து அதன் பின்னால் ஓடிவிட, அந்தக் குடம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. அடுத்த ஆள் முணுமுணுக்கத் தொடங்கியதும் தானாகக் குழாயடியை விட்டு விலகி, யாரோ இடுப்பில் வைத்திருப்பதுபோல் லேசாகச் சாய்ந்து, தளும்பத் தளும்ப, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வீதியின் நடுவே அவளைத் தேடிக்கொண்டு போனது. டீக்கடை சதாசிவம் அதைப் பார்த்து, "பாதிதான் இருக்குது, இப்படி வா" என்று கூப்பிட்டு, கடைத் தொட்டியிலிருந்து நாலு சொம்பு மொண்டு ஊற்றினார். நிறைந்ததும் குடம் ஆடாமல் தரையில் உட்கார்ந்து மறுபடி எல்லோர் வீட்டுக் குடத்தையும் போல ஆகிவிட்டது.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால், நீங்கள் ஏன் அலறிக்கொண்டு ஓடவில்லை என்பார்கள். எங்கள் சங்கிலிப்பாளையம் விசைத்தறி ஊர். காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் சங்கு ஊதும். ஊதியதும் ஒருவர் தறியை விட்டு நகர்வார், இன்னொருவர் அந்த இடத்தில் நிற்பார், ஓடுகிற தறி ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவர் தொடங்கிய துணியை அவரே முடித்ததாக எங்கள் ஊரில் சரித்திரமே கிடையாது. பாதியில் ஒன்று கைக்கு வந்தால் யார் தொடங்கியது, ஏன் விட்டார்கள் என்றெல்லாம் கேட்கமாட்டோம், வாங்கி முடித்துவிடுவோம். ஆகவே பாதிக் குடம் வீதியில் வந்தபோது அது எங்களுக்கு இன்னொரு சிப்டு மாற்றம், அவ்வளவுதான்.

குடத்துக்குப் பின்னால் கனிஷ்கா பாதியில் விட்ட மற்றவையும் கிளம்பின. பாதி உரித்த சின்ன வெங்காயம், உரித்தது ஒரு வரிசையாகவும் உரிக்காதது ஒரு வரிசையாகவும் உருண்டு வந்தது. பாதி கூட்டிய குப்பை, விளக்குமாறு பின்னால் விரட்ட, வாசல் வாசலாக நின்று நின்று போனது. பாதி மடித்த போர்வை இரண்டு முனைகளைக் கால்களாக ஊன்றி நடந்தது. பாதி போட்ட வகுத்தல் கணக்கு நோட்டிலிருந்து இறங்கி டீக்கடை பெஞ்சில் ஏறி உட்கார்ந்து திருதிருவென்று முழித்தது. பாதி சொன்ன கதை ஒன்று, ராட்டை போட்டு நூல் சுற்றிக்கொடுக்கும் ராமாயி வீட்டுக்குள் போய், "ஒரு நரிக்கு ஒரு நாள் சைக்கிள் கெடைச்சுதாம், அது என்ன பண்ணுச்சுன்னா..." என்பதோடு வாயைத் திறந்தபடி நின்றுகொண்டது. ராமாயி நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், "பஞ்சர் ஆகிப்போச்சுன்னு வெச்சுக்க" என்று முடித்துவைத்தாள். அந்த முடிவு கதைக்குப் பிடிக்கவில்லை. பொழுது சாயும் வரை அங்கேயே காலைச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

ஒரே மாதத்தில் வீதிக்கென்று ஒரு நடைமுறை வந்துவிட்டது. கணக்கு வந்தால் சதாசிவம் கடைக்கு அனுப்புவது, கதையும் பாட்டும் வந்தால் ராமாயி வீட்டுக்கு, துணி வந்தால் யார் கை சும்மா இருக்கிறதோ அவர்களுக்கு. டவுன் பஸ் டிரைவர் வளைவில் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு, பாதிக் குளியலோடு வரும் வாளிக்கும் சோப்பு நுரைக்கும் வழிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். வார்டு கவுன்சிலர் வந்து பார்த்து, போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நடக்கச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். சொன்னோம், நடந்தன. சும்மா சொல்லக்கூடாது, எங்களுக்கு அது ஒரு திருவிழா மாதிரி இருந்தது. காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன வருமோ என்று வாசலுக்கு ஓடிவந்தோம்.

கனிஷ்காவுக்கு ஒன்பது வயது. கால் தரையில் படாத பிள்ளை. அவள் பேச ஆரம்பித்தால் ஒரு பேச்சுக்குள் இன்னொன்று முளைக்கும், சாப்பிட உட்கார்ந்தால் மூன்றாவது வாய்க்குள் எழுந்துவிடுவாள், பள்ளிக்கூடத்தில் அவளுடைய பெஞ்சு மட்டும் தேய்ந்து பளபளக்கும். ஆனால் எந்தப் பூனை எந்த வீட்டில் குட்டி போட்டிருக்கிறது, எந்தத் தறி இழை அறுக்கப் போகிறது என்பதெல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். டீச்சர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி, அங்கே டாக்டர் பார்த்து ஏ.டி.எச்.டி. என்று எழுதிக்கொடுத்திருந்தார். கவனம் ஓரிடத்தில் நிற்காது, உடம்பும் நிற்காது, அதற்குத்தான் அந்தப் பெயர்.

இப்போது அவள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா சென்னியப்பன், அம்மா மைனாவதி, இரண்டு பேருக்கும் ஒரே பட்டறையில் ஒரே தறி. அவர் பகல் சிப்டு, அவள் இரவு சிப்டு. ஓடும் தறியின் பக்கத்தில் காலையில் இரண்டு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் பார்த்துக்கொள்வார்கள். அந்தச் சத்தத்தில் புருவத்தைத்தான் ஆட்ட முடியும். மாதத்தில் இரண்டு நாள் தறி நிற்கும். அந்த இரண்டு நாளும் இரண்டு பேரும் அடித்துப்போட்டதுபோல் தூங்குவார்கள். மற்றபடி குடும்பம் நடந்தது கனிஷ்காவின் வாய் வழியாக. "உங்கம்மாகிட்டச் சொல்லு, இந்தப் புள்ளைக்கு ஏழு மணிக்குள்ள சோறு போட்டுறணும்னு." "உங்கப்பாகிட்டச் சொல்லு, அவ பசிச்சா திம்பான்னு." அப்பா இருக்கும்போது டி.வி. கூடாது, அம்மா இருக்கும்போது சத்தம்போட்டுப் பாடம் படிக்கக் கூடாது, இரவு சிப்டு முடித்து வந்தவள் தூங்கவேண்டும். ஒரே வீட்டில் இரண்டு சட்டம். தறிச் சத்தத்தில் காது மந்தமான இரண்டு பேரும் சாதாரணமாகச் சொன்னாலே சண்டை போலக் கேட்கும். சண்டையே போட்டால் கேட்கவேண்டுமா? அந்தச் சண்டையை ஒருத்தர் சொல்லி இன்னொருத்தரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையும் அந்தப் பிள்ளைக்குத்தான். அதையும் அவள் பாதிதான் சொல்வாள். பாதி சொன்ன சண்டை முழுச் சண்டையைவிட மோசம்.

சங்கு ஊதும் நேரத்தில் ஒருத்தர் போய் இன்னொருத்தர் வருவதற்குள் இருபது நிமிடம் அவள் தனியாக இருப்பாள். பெரும்பாலான வேலைகள் எழுந்து நடந்தது அந்த இருபது நிமிடத்தில்தான். முந்தின நாள் "சொல்லு, சொல்லு" அதிகமாக இருந்தால் மறுநாள் பதினேழு, பதினெட்டு பாதி வேலைகள் வீதிக்கு வரும். தறி நிற்கும் நாளில், தூங்குகிற இரண்டு பேரின் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் மணிக்கணக்காகப் படம் வரைவாள், அன்றைக்கு வீதியில் ஒன்றும் வராது. இதையெல்லாம் நாங்கள் பார்த்தோம். டீக்கடையில் மழையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசவும் செய்தோம். ஆனால் அந்த வீட்டுக் கதவைத் தட்டி ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு நல்லவர்கள் நாங்கள்.

டாக்டரைப் பார்த்த கதையும் அப்படித்தான். மைனாவதி இரவு சிப்டு முடித்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய், டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தவாக்கில் கண் சொருகி, வெளியே காத்திருந்த சென்னியப்பனை, "நீங்க போய்க் கேளுங்" என்று உள்ளே அனுப்பிவிட்டு பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். அவள் கேட்டது முதல் பாதி, அவர் கேட்டது அடுத்த பாதி. வெளியே வந்து ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ள நேரமில்லை. அரைநாள் லீவு முடிந்து அவர் தறிக்குத் திரும்பவேண்டும்.

அதற்குப் பிறகு சென்னியப்பன் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தின் விண்ணப்ப பாரம் வாங்கி, நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். மலை தாண்டி எங்கேயோ இருந்தது. காலை ஐந்து மணிக்கு மணியடித்து எழுப்புவார்களாம், எல்லாமே மணிப்படியாம். ஜூன் முதல் திங்கட்கிழமை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். "ஒழுங்குக்குள்ள இருந்தா புள்ள சரியாயிரும்" என்று பட்டறையில் எல்லோரிடமும் சொன்னார், மைனாவதியிடம் தவிர. அவளிடம் கனிஷ்காதான் சொன்னாள், "அப்பா என்னைய ஹாஸ்டல்ல..." என்பதுவரை, அதற்குள் வாசலில் ஐஸ் வண்டி மணி கேட்டுவிட்டது. மைனாவதி அன்று முழுதும் தூங்கவில்லை.

சென்னியப்பன் ஒரு தகர ட்ரங்குப் பெட்டி வாங்கிவந்தார். மூடியில் கனிஷ்கா என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதி, உள்ளே ஹாஸ்டல்காரர்கள் கொடுத்த பட்டியலை ஒட்டியிருந்தார்: தட்டு, டம்ளர், போர்வை இரண்டு, சோப்பு ஆறு, தேங்காய் எண்ணெய், நகவெட்டி என்று முப்பத்தேழு பொருள். சென்னியப்பன் பட்டறைக்குக் கிளம்புமுன் நாலு பொருளை உள்ளே வைப்பார். மைனாவதி வந்து மூன்றை வெளியே எடுத்துவைப்பாள். இரவு அவர் வந்து மறுபடி வைப்பார். வாயால் ஒரு வார்த்தை இல்லை. பதினோரு நாள் இப்படி நடந்தது. அந்தப் பதினோரு நாளும் வீதியில் கால் வைக்க இடமில்லாமல் பாதி வேலைகள் குறுக்கும் நெடுக்கும் திரிந்தன, சதாசிவத்துக்குக் கணக்குப் போட்டே கை ஓய்ந்தது.

சனிக்கிழமை காலை, சங்கு ஊதிய நேரத்தில், அந்தப் பெட்டி எழுந்தது.

மூடி படபடவென்று அடிக்க, உள்ளே சென்னியப்பன் வைத்துவிட்டுப் போன நாலு பொருள் கடகடவென்று உருள, நாலு மூலையிலும் மாறி மாறிக் கால் ஊன்றிக்கொண்டு அது அவர்களுடைய லைன் வீட்டுப் படியிறங்கி வீதிக்கு வந்ததும் நாங்கள் கூத்தாடினோம். இத்தனை பெரிய வேலை அதுவரை வந்ததில்லை! மூடியில் அவள் பெயர் இருந்தது. அப்புறம் என்ன சந்தேகம்? பாதியில் விட்டவர் யார் என்று கேட்கிற வழக்கம்தான் எங்களுக்கு இல்லையே. சிப்டு முடிந்தவர்களும் சிப்டுக்குப் போகிறவர்களும் சூழ்ந்துகொண்டு, சதாசிவம் பட்டியலை ஒவ்வொன்றாகச் சத்தம்போட்டு வாசிக்க வாசிக்க, தட்டு ஒரு வீட்டிலிருந்து ஓடிவந்தது, சோப்பு இன்னொரு வீட்டிலிருந்து, எங்கள் தறியில் நெய்த போர்வை இரண்டு பட்டறையிலிருந்து மடிப்புக் கலையாமல், எண்ணெய், சீப்பு, ரிப்பன், ராமாயி தன் மகளுக்கு வாங்கிவைத்திருந்த புது நகவெட்டி, கல்யாணத்தில் சீர்த்தட்டு தூக்குவதுபோல ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து அடுக்கி, முப்பத்தேழையும் முடித்து, சதாசிவம் கடைப் பூட்டையே கழற்றிப் பூட்டி, சாவியைக் காதில் செருகிக்கொண்டார். கைதட்டினோம். பெட்டி நேராக, கம்பீரமாக நடந்து போய் அவர்கள் வாசலில் படுத்துக்கொண்டது.

கனிஷ்கா வாசலில் நின்றிருந்தாள். நடக்காத பெட்டியை ஒரு முறை காலால் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை.

வழியில் காய் வாங்க நின்றுவிட்டு அப்போதுதான் வந்த மைனாவதி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஆரு இதை ரொப்புனது?"

"நாங்கதான் மைனா" என்றார் சதாசிவம் பெருமையாக. "பாதியாவே சுத்தீட்டிருந்துது. லிஸ்டுல இருக்கற முப்பத்தேழும் போட்டாச்சு. ஒண்ணுகூடப் பாக்கியில்ல."

மைனாவதி குனிந்து அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். கனிஷ்காதான் பேசினாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

"அம்மா, பொட்டி முடிஞ்சுபோச்சு. அப்ப நீயும் அப்பாவும் பேசி முடிச்சிட்டீங்களா? நான் போறதுதானா?"

அந்தக் கணத்தில்தான் எங்கள் மண்டையில் உறைத்தது. அது அவள் பாதியில் விட்ட வேலை இல்லை. அது அவர்களுடைய சண்டை. அப்பாவும் அம்மாவும் பதினோரு நாளாகப் பாதியில் வைத்திருந்ததை நாங்கள் ஓடி ஓடி முடித்து, பூட்டுப்போட்டு, கைதட்டி, அந்தப் பிள்ளையை ஊரைவிட்டு அனுப்பி வைத்திருந்தோம். வெட்கமாக இருந்தது. ரிப்பன் கொடுத்தவள் அழுதுவிட்டாள்.

மைனாவதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். உள்ளே போய், சென்னியப்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓடுகிற தறியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். தறி நின்றது. மாதத்தில் அந்த இரண்டு நாளும் கரண்ட் போகிற நேரமும் இழை அறுகிற நேரமும் தவிர எங்கள் ஊரில் தறி நிற்காது; பேசுவதற்காக ஒரு மனுஷி அதை நிறுத்தியதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். பக்கத்துத் தறிக்காரர்கள் பார்த்தார்கள், என்ன தோன்றியதோ, ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் கைப்பிடியையும் இழுத்தார்கள். பட்டறை முழுக்க அமைதி விழுந்ததில் எங்களுக்குக் காது அடைத்துக்கொண்டது.

"ஏய், என்ன பண்ற நீ?" என்று சென்னியப்பன் கத்தினார்.

"கத்தாதீங். தறி நின்னிருச்சு" என்றாள் மைனாவதி.

அவர் வாயை மூடிக்கொண்டார். தன் குரல் அவ்வளவு பெரியது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும்.

"எதுக்குங் இவளை அனுப்பறீங்? டாக்டரு எங்கிட்டத் தெளிவாச் சொன்னாரு. இது பொறவியில வந்தது, புள்ள மேலயும் தப்பில்ல, பெத்தவங்க மேலயும் தப்பில்லன்னு."

"எங்கிட்ட அப்படிச் சொல்லலையே. வீட்டுல ஒரு ஒழுங்கு இருந்தா புள்ள நெம்ப நல்லா வரும்னாரு."

"ஒழுங்குன்னா?"

"நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குத் தூக்கம். ஒரு வேலை சொன்னா சின்னதாச் சொல்லணும், செஞ்சா உடனே நல்லாருக்குன்னு சொல்லணும். கத்தக்கூடாது. அப்பாவும் அம்மாவும் ஒரே பேச்சா..." அவர் குரல் இறங்கியது. "ஒரே பேச்சாப் பேசணும்னாரு."

"எங்கீங்? ஹாஸ்டல்லயா?"

"வீட்டுல" என்றார் சென்னியப்பன். சொல்லிவிட்டு அந்த வார்த்தையைத் தானே முதன்முறை கேட்டவர்போல நின்றார். "வீட்டுலதான் சொன்னாரு. நம்ம வீட்டுல அதெல்லாம் எங்க முடியும்னு நெனச்சுட்டேன். நாம ரெண்டு பேரும் எங்க பாத்துக்கறோம்?"

ராமாயிக்கு வாய் சும்மா இருக்காது. "அட கெரகமே! டாக்டரு சொன்னதையுமா சிப்டு மாத்திக்கிட்டீங்க?"

யாரோ சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரிக்கப் போய், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. தறியின் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய மனிதர் அழுதார். "ஒழுங்குன்னா அடக்கறதுன்னு நெனச்சுட்டேன் மைனா" என்றார். மைனாவதி அவர் முதுகில் கை வைத்தாள். பட்டறைக்காரர்கள் எல்லோரும் அவசரமாகக் கூரையைப் பார்த்தோம்.

"அப்ப நான் போகலையா?" என்றாள் கனிஷ்கா.

"இல்ல சாமி" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவள் பறந்தாள். சதாசிவம் காதிலிருந்து சாவியைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, முதல் சோப்பை எடுத்துக்கொண்டு அதைக் கொடுத்த வீட்டைப் பார்த்து ஓடினாள். முப்பத்தேழு பொருள், அவள் வீட்டையும் சேர்த்து இருபத்திரண்டு வீடு. மூன்றாவது வீட்டில் கோழிக்குஞ்சைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். டம்ளர் எழ அசைந்தது, அதற்குள் மைனாவதி குனிந்து, கத்தாமல், "கண்ணு, இந்த ஒரு டம்ளரு மட்டும். குடுத்துட்டு வந்து குஞ்சைப் பாப்பியாம்" என்றாள். கொடுத்துவிட்டு வந்து பார்த்தாள். ஏழாவது வீட்டில் ஊஞ்சல் இருந்தது. சென்னியப்பன் பத்து ஆட்டம் எண்ணிவிட்டு அடுத்த பொருளை நீட்டினார். போர்வையை இழுத்துக்கொண்டு போனது பாதி வழியில் பாம்பாட்டமாக மாறியது, சீப்பு மீசையானது, எண்ணெய் பாட்டிலோடு ஒரு ஓட்டப்பந்தயம் வேறு. ஒவ்வொரு வாசலிலும், "நல்லாக் குடுத்தே சாமி" என்று அப்பா சொல்ல, அவள் அடுத்த வாசலுக்குத் துள்ளினாள். தூக்கம் இல்லாத கண்ணோடு மைனாவதியும், சம்பளம் போகிற கவலையே இல்லாமல் சென்னியப்பனும் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள். நாங்கள் வாசலில் நின்று எங்கள் பொருளை நாங்களே கல்யாணப் பரிசு வாங்குவதுபோல வாங்கிக்கொண்டோம். பகல் பன்னிரண்டு ஆனது. நகவெட்டியை ராமாயி கையில் வைத்தபோது பெட்டி காலி. தொடங்கியதிலிருந்து முடிகிறவரை அவளே செய்த ஒரு வேலை, எங்கள் ஊரிலேயே அப்படி ஒன்று நடந்ததை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். வீதியே கத்தியது.

பட்டறை ஓனர் ஓடிவந்து குதித்தார். மைனாவதி நிதானமாகச் சொன்னாள். "காலைல அரை மணி நேரம், பொழுதோட அரை மணி நேரம் எங்க தறி நிக்குமுங்க. மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சோறு திங்கணும். புடிக்கலீன்னா வேற ஆள் பாத்துக்கங்க." இப்போது தறிக்கு ஆள் கிடைப்பது எவ்வளவு பாடு என்று ஓனருக்குத் தெரியும். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

கனிஷ்கா மாறிவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பாதி வாரிய சீப்பு ஒன்று எழுந்தது. ஆனால் வாசற்படி தாண்டவில்லை. உள்ளேயே யாரோ அதைப் பிடித்து வாரிமுடித்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஹாஸ்டல் வேன் வந்து வீதி முனையில் ஹாரன் அடித்தது. பெரியவர்கள் எழுந்து போவதற்குள், கையில் பாதி இட்லியோடு கனிஷ்கா ஓடினாள். வழியில் ஒரு பட்டாம்பூச்சி குறுக்கே போனது. அவள் அதைப் பார்த்தாள், திரும்பி வாசலில் நிற்கும் இரண்டு பேரைப் பார்த்தாள், மறுபடி ஓடி வேன் ஜன்னலுக்கு எக்கினாள்.

"பாப்பா, பொட்டி எங்க?" என்றார் டிரைவர்.

"நான் வரலைங்க" என்றாள் கனிஷ்கா. "எங்கப்பாவும் எங்கம்மாவும் பேசி முடிச்சிட்டாங்க. நான் எங்க வீட்டுலயே இருக்கறனுங்க. அவங்க ரெண்டு பேரும் இப்ப எனக்காகச் சோத்தப் போட்டு வெச்சுட்டுக் காத்துட்டிருக்காங்க, நான் போகணுமுங்க."

முழுதாகச் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினாள்.